ஏழாவது ஜீன்ஸ்

ஜூலை 1, செவ்வாய்

ஒரு துணி எத்தனை நாள் உடுத்தாமல் அலமாரியில் கிடந்தால் அது இனி அவருடையது இல்லை என்று ஆகும்? காலையிலிருந்து யோசிக்கிறேன். இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். எதற்கும் ஒரு வரம்பு, ஓர் எண் சொல்லிப் பழகிவிட்டேன். இதற்கு எண் கிடைக்கவில்லை.

இன்றோடு நூற்று நாற்பது நாள். பிப்ரவரியில் அரசு சர்வேயரான என் கணவர் துறையூர்ப் பக்கம் ஒரு வயலை அளந்துகொண்டிருந்தபோது எல்லைக்கல்லின் மேலேயே சாய்ந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறார். பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக வருகிறது. கை வரவில்லை. பிசியோதெரபிக்கு வரும் ரோஸ்லின், "வந்துடும் மேடம்" என்கிறாள். போகிற வீட்டில் எல்லாம் அதைத்தான் சொல்வாள் போலிருக்கிறது.

குளியலறை பக்கம் என்பதால் கட்டிலைக் கூடத்தில் போட்டிருக்கிறோம். கூடத்தில் அலமாரி இல்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. மாத்திரை அட்டை, எண்ணெய், கையுறை, மூக்குக்கண்ணாடி, ரிமோட், என்னைக் கூப்பிடுவதற்கான மணி, எல்லாமே கட்டிலில் அவரோடு படுத்திருக்கின்றன. நேற்று மணியின் மேலேயே புரண்டு படுத்துவிட்டு, அரைமணி நேரம் கூப்பிட முடியாமல் கிடந்திருக்கிறார்.

புனேயிலிருந்து மகள் நிலானி ஒரு வீடியோ அனுப்பினாள். பழைய ஜீன்ஸை வெட்டி, பாக்கெட்டுகளை வரிசையாகத் தைத்து, தொங்கவிடும் பை செய்கிறார்கள். ஜன்னல் கம்பியில் கட்டிவிடலாம், ஆணி வேண்டாம். "அப்பாகிட்டதான் ஏழெட்டு இருக்கேம்மா" என்று கீழே எழுதியிருந்தாள். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "நீங்கள் இனிமேல் போடப் போகாத ஜீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்." அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவள் சொல்லவில்லை.

ஏழு இருக்கின்றன. எண்ணிவிட்டு அலமாரியை மூடினேன்.

ஜூலை 3, வியாழன்

பால் திரிந்துவிட்டது. தண்ணீர் லாரி வரவில்லை. முதல் ஜீன்ஸை வெட்டினேன்.

ஜூலை 4, வெள்ளி

ரோஸ்லின் பத்தரைக்கு வந்து பதினொன்றரைக்குப் போகிறாள். அந்த ஒரு மணி நேரம் இனி மாடி வீட்டில் தைப்பது என்று முடிவு செய்தேன். சுபைதாக்காவிடம் தையல் மெஷின் இருக்கிறது. தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் ஜாக்கெட் தைக்கிறார்.

"டீச்சர், கூடவே உக்காந்து அந்தப் புள்ள என்ன செய்யுதுன்னு பாக்க வேணாமா?" என்றார்.

"அவ வேலைய அவ பாக்குறா. நான் நின்னா எடஞ்சல்."

அது உண்மைதான். ரோஸ்லின் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிடுவாள். அவை ஒவ்வொன்றாக மடங்கிக்கொள்ளும். அதில் நான் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஜீன்ஸின் பக்கத் தையலில் துணி நான்கு மடிப்பாக வருகிறது. அங்கே ஊசி பட்டென்று ஒடிந்தது. மாற்றினேன். அதுவும் ஒடிந்தது.

"என் ஊசியெல்லாம் மெல்லிசான ஜாக்கெட்டுத் துணிக்குப் பொறந்தது டீச்சர், உங்க வீட்டுக்காரரு பேன்ட்டு காண்டாமிருகத் தோலால்ல இருக்கு" என்று சுபைதாக்கா பதினெட்டாம் நம்பர் ஊசியைத் தேடி எடுத்துத் தந்தார். தடித்த இடத்தைச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கிவிட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஓட்ட வேண்டுமாம். சொன்னபடி செய்தேன். போயிற்று.

இடுப்புப் பட்டை, ஜிப், முன்பக்கம் எதற்கும் உதவாது. அங்கே எந்த ஊசியும் இறங்காது. தொடைக்கு மேலே வெட்டி, பின்பாக்கெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் குப்பையில் போடப் போனேன். "போடாதீங்க, எதுக்காச்சும் ஆவும்" என்று அவர் அரிசிச் சாக்கு ஒன்றைக் கொடுத்தார். அதில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

அவருடைய அலுவலகத்திலிருந்து கடிதம். இருபத்து மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மருத்துவக் குழு முன் நேரில் வர வேண்டும். வேலைக்குத் திரும்பத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வர விருப்பமில்லை என்றால், உடல்நலக் காரணத்தால் ஓய்வு கேட்டு இணைத்துள்ள படிவத்தை அனுப்பலாம்.

அவருக்கு வாசித்துக் காட்டினேன். "போணும்" என்றார். எங்கே என்று கேட்டேன். இடது கையால் கடிதத்தைக் காட்டினார்.

படிவத்தை நானே நிரப்பிவிட்டேன். எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கையெழுத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது. முதல் சில மாதங்களில் வராதது பிறகு வருவது குறைவு என்று நான் படித்த எல்லாக் கட்டுரைகளும் சொல்கின்றன. மூன்று மருத்துவர்கள் முன்னால் அவரை நிற்கவைத்துச் சட்டைப் பொத்தானைப் போடச் சொல்வார்கள். அதை நான் பார்க்க வேண்டியதில்லை. அவர் அதைப் படவேண்டியதில்லை என்றுதான் எழுத வந்தேன்.

ஜூலை 9, புதன்

இரண்டு ஜீன்ஸ் வெட்டியாகிவிட்டது. அலமாரியில் ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருக்கின்றன. என் எண்ணிக்கைதான் தவறியிருக்கும். தூக்கம் போதவில்லை.

ஜூலை 10, வியாழன்

முதல் பை முடிந்தது. நான்கு பாக்கெட். ஜன்னல் கம்பியில், அவருடைய இடது கைக்கு எட்டும் உயரத்தில் கட்டினேன். மாத்திரை, கண்ணாடி, ரிமோட், மணி. கட்டில் கட்டிலாகத் தெரிந்தது.

படிவத்தை எடுத்துவந்து இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா கீழே விழுந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பை தொங்குவதைப் பார்த்துவிட்டு மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். தூக்கம் வந்திருக்கும்.

மதியம் ரிமோட்டும் கண்ணாடியும் தரையில் கிடந்தன. கை தவறியிருக்கும். எடுத்து வைத்தேன். மாலையில் மறுபடி தரையில். பாக்கெட்டின் வாய் இறுக்கம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 12, சனி

இன்னும் இரண்டு வெட்டினேன். குளிப்பாட்டும்போது பார்த்தேன், வலது கட்டைவிரலின் ஓரம் சிவந்து லேசாகக் காய்த்திருக்கிறது. அசையாத கைக்கு எப்படிக் காய்ப்பு வரும்? சர்க்கரை பார்க்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

நாத்தனார் தவமணி லால்குடியிலிருந்து வந்தாள். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு. உப்பு அவருக்கு ஆகாது என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். "ஒரு வாய்தானே அண்ணி" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

ஊட்டிவிட்டு நிமிர்ந்தவள் ஜன்னலைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பையைத் தடவினாள்.

"இது அண்ணன் பேன்ட்டுதானே?"

"ஆமா."

"எதுக்கு அண்ணி வெட்டுனீங்க?"

"சாமான் வைக்க எடமில்ல. சும்மா கெடந்துச்சு."

"ஆடி பொறக்கப் போவுது. நம்ம பக்கம் ஆளு போயி பதினாறு முடிஞ்சப்புறந்தான் துணியில கை வைப்பாங்க, அதுகூட முழுசா எடுத்துக் குடுப்பாங்க, வெட்ட மாட்டாங்க. அண்ணன் கண்ணு முன்னாடி உக்காந்திருக்காரு. உசுரோட இருக்காரு அண்ணி."

"தெரியும் தவமணி. தெனம் குளிப்பாட்டுறது நான்தான்."

அவள் பாத்திரம் எல்லாம் தேய்த்து வைத்துவிட்டு நான்கு மணிப் பேருந்துக்குப் போனாள். வாசலில் நின்று, "நான் ஒண்ணும் தப்பா சொல்லல அண்ணி" என்றாள். நானும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

துணிக்கும் ஆயுளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இருந்தால் தையற்காரர் வீட்டில் யாரும் பிழைக்க முடியாது. ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

தைக்கவில்லை. முதுகு வலி, உள் அறையில் படுத்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆறாவதையும் வெட்டிவிட்டேன். கூடத்துப் பொருள்களுக்கு இரண்டு பை போதும்தான். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று என்று தைத்துக்கொண்டே போகிறேன். சுபைதாக்கா கேட்டார்: "வீட்டுல இருக்குறது ரெண்டு பேரு. எத்தன பாக்கெட்டு டீச்சர் வேணும் ஒங்களுக்கு?" சக்கரத்தைச் சுற்றினேன். மெஷின் ஓடும்போது கீழே என்ன நடக்கிறது என்று காதில் விழுவதில்லை.

கல்லூரியில் என் விடுப்பு இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. அதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

படுக்கை விரிப்பு மாற்றும்போது மெத்தைக்கு அடியில் ஒரு ஜீன்ஸ் சுருட்டிக் கிடந்தது. ஏழாவது. என் எண்ணிக்கை தவறவில்லை. குதிகாலுக்கு முட்டுக் கொடுக்க ரோஸ்லின் எடுத்து வைத்திருப்பாள். இடுப்புப் பக்கம் கசங்கி அழுக்காக இருந்தது.

விழுந்த அன்று அவர் போட்டிருந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். துவைத்தேன், வயல் மண் போய்விட்டது. வலது பின்பாக்கெட்டில் மட்டும் வட்டமாக வெளுத்திருக்கும். அளக்கிற ஸ்டீல் டேப்பை எப்போதும் அங்கேதான் செருகுவார். உட்கார்ந்து உட்கார்ந்து டேப்பின் அச்சு துணியில் விழுந்திருக்கிறது. எத்தனை துவைத்தும் அது போகவில்லை.

இரண்டு பாக்கெட் குறைந்தது. வெட்டினேன். அவர் குளியலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. "அசி" என்று கூப்பிட்டார். என் பெயர் மங்கையர்க்கரசி, அவருக்கு அரசி, இப்போது இப்படித்தான் வருகிறது. "இதோ வர்றேன், தண்ணி சூடாகட்டும்" என்றேன். மறுபடி கூப்பிட்டார். கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனேன். தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் ஊற்றினேன்.

பாக்கெட் இரண்டையும் பத்தரைக்கு மாடியில் தைத்து, ஜன்னல் பையின் கீழ்வரிசையில் சேர்த்தேன். டேப் அச்சு விழுந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. படிவத்தை மடித்து அதில் வைத்திருக்கிறேன்.

ரோஸ்லினுக்குக் காய்ச்சலாம். இன்று வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் அவர் தனியாக இருந்திருக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

சுபைதாக்கா வீட்டில் சம்பந்தி வீட்டார். அதனால் மாடிக்குப் போகவில்லை. இரண்டு வாரத்தில் முதல்முறையாக, ரோஸ்லின் வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன்.

பையை வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், நேராகப் போய் மெத்தைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

"சார், எங்க நம்ம ஆளு?"

அவர் என் பக்கம் பார்த்தார்.

"மேடம், இங்க ஒரு ஜீன்ஸ் இருந்துச்சே, பாத்தீங்களா?"

"எதுக்கு?" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் இடது கையால் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினார். "வெட்டி... ட்டா."

"எத சார்? ஐயோ, அதயா?" ரோஸ்லின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மேடம், சொல்லக் கூடாதுன்னு சார்தான் சத்தியம் வாங்குனாரு. நீங்க மாடிக்குப் போனதும் அதத்தான் தெனமும் எடுப்போம். பட்டன் போடறது, ஜிப் இழுக்கறது. மெடிக்கல் போர்டுக்கு அதப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்னாரு. லுங்கியில போக மாட்டாராம்."

"கை அசையவே இல்லையே."

"கட்டவெரல் மேடம். இடது கையால பட்டனப் புடிச்சிட்டு, வலது கட்டவெரலால ஓட்டைய அழுத்துவாரு. மொத வாரம் ஒண்ணும் நடக்கல. புதன்கிழம உள்ள போச்சு."

பழக்கம் விடவில்லை. "எத்தனை தடவைக்கு?" என்று கேட்டேன்.

"பதினொரு தடவைக்கு ஒரு தடவ."

நூற்றுக்கு ஒன்பது. இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றுதான் மாணவர்களுக்குச் சொல்வேன். பூஜ்யம் என்றும் முடிவு செய்ய முடியாது என்பதை அதே வகுப்பில்தான் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஜூலை 19, சனி

சாக்கைக் கொட்டித் தேடினேன். ஏழு இடுப்புப் பட்டைகள். அவருடையது எது என்று தெரிந்தது, பட்டன் ஓட்டையின் ஓரம் நூல் பிரிந்து நைந்திருந்தது. எத்தனை முறை என்று அந்த ஓட்டைக்குத்தான் தெரியும்.

முன்பக்கமும் ஜிப்பும் முழுதாக இருக்கின்றன. கால் இரண்டும் இன்னும் பிரிக்கப்படாமல் குழாயாகவே கிடக்கின்றன. பின்பக்கத்தில் பாக்கெட் இருந்த இடத்தில் இரண்டு ஜன்னல்கள்.

சுபைதாக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டுனதுக்கு முந்தி என்கிட்ட காட்டியிருக்கலாமில்ல?" என்றார். பிறகு, "சரி வுடுங்க. பாக்கெட்டப் பிரிச்சு எடுத்தா இன்னும் கிழியும். வேற துணிய வச்சு அடைங்க. காலுக்கு ரெண்டு விரக்கடை கொறையும். வயசுப் பசங்க இப்ப அப்படித்தான் போடுறானுவ" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் எனக்கும் சேர்த்துச் சிரித்தார்.

ஜூலை 21, திங்கள்

மூன்று ஊசி ஒடிந்தது. தொடையைச் சுற்றி இரண்டு தையல், பின்னால் இரண்டு ஒட்டு. நேற்றும் இன்றும் இதே வேலை. ரோஸ்லின் வந்தபோது நான் மாடியில் இல்லை. தையலைக் கீழேயே கொண்டுவந்து, கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல்கள் விரிவதும் மடங்குவதும் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட மெதுவாக மடங்குகின்றன.

முடித்து அவர் மடியில் வைத்தேன். தொடைத் தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சமையலறையில் வேலை இருந்தது, போனேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் ஆறு முறை முயன்றார். ஒருமுறை பட்டன் போட்டார். அதுவும் ரோஸ்லின் துணியை இழுத்துப் பிடித்தபோது. இடுப்பு வேறு இளைத்திருக்கிறது, பெல்ட் வேண்டும்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று என் கணிப்பை எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லாமல் இருக்க. காலையில் பதற்றத்தில் அவரால் முடியாது. நான்தான் போட்டுவிடுவேன். குழு முன்னால் கையைத் தூக்க முடியாது. தகுதியில்லை என்று எழுதுவார்கள். வியாழக்கிழமை படிவத்தில் கையெழுத்துப் போடுவார்.

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். எட்டே முக்காலுக்கு வரும்.

ஜூலை 23, புதன்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குளிப்பாட்டி, காலை நுழைத்து, இடுப்புவரை ஏற்றிவிட்டேன். பட்டனில் கை வைத்ததும் "போ" என்றார். சமையலறைக்குப் போனேன். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றும்வரை நின்றேன். கூடத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை கெட்ட வார்த்தை ஒன்று கேட்டது, பிப்ரவரிக்குப் பிறகு அவர் திக்காமல் சொன்ன மிக நீளமான சொல் அது. இருபத்திரண்டு நிமிடம். பிறகு மணி அடித்தது.

பட்டன் போட்டிருந்தார். ஜிப் பாதிவரைதான். சட்டை அதை மறைத்தது. நான் தொடவில்லை. பெல்ட்டை மட்டும் கட்டிவிட்டேன்.

மூன்று மருத்துவர்கள். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். பெயர் எழுதச் சொன்னார்கள், இடது கையால் குணசீலன் என்று எழுத நாலு வரி பிடித்தது. வலது கையைத் தூக்கச் சொன்னார்கள், தோள்வரை வரவில்லை. நடுவில் இருந்த பெரிய டாக்டர் என்னிடம் கேட்டார்:

"டிரெஸ் யாரும்மா போட்டு விடுறது?"

"இன்னிக்கு பட்டன் அவரே போட்டுக்கிட்டாரு."

"தெனமும் போடுவாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லங்க. வீட்டுல யாரும் புடிக்காம போட்டது இன்னிக்குத்தான் மொதத் தடவ" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டாக்டர் எழுந்து வந்து பட்டனைப் பார்த்தார். பார்வை தொடைத் தையலில் நின்றது. "இது என்னய்யா, நடுவுல இப்படிச் சுத்தித் தையல்?"

இவர் என்னைக் கைகாட்டினார். ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார். "எல்ல... தகராறு."

டாக்டருக்கு ஒரு நொடி புரியவில்லை. கையில் இருந்த தாளில் சர்வேயர் என்று படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து டாக்டரிடம் திருப்பிச் சொன்னார், அவரும் சிரித்தார். இவரும் சிரித்தார், பாதி வாயால். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

வயல் வேலை கூடாது. மூன்று மாதம் மேஜை வேலை, பிறகு மறுபடி வர வேண்டும். உத்தரவு தபாலில் வரும். கையில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

ஆட்டோவில் அந்தச் சீட்டை வலது பின்பாக்கெட்டில் வைக்கப் பார்த்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் தேடினார். கை ஒட்டுத் துணியில் வழுக்கிக்கொண்டே போனது. என்னைப் பார்த்தார்.

"வீட்டுல இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை போனார். டேப் அச்சு விழுந்த பாக்கெட்டைப் பார்த்தார். உள்ளே கைவிட்டுப் படிவத்தை உருவி என்னிடம் நீட்டினார். அந்த இடத்தில் சீட்டை வைத்தார். வலது கையைத் தூக்கிவந்து, கட்டைவிரலால் அதை உள்ளே அழுத்தினார். மாலைவரை பையிலிருந்து எதுவும் கீழே விழவில்லை.

படிவத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. துவரம்பருப்பு, இட்லி அரிசி, பதினெட்டாம் நம்பர் ஊசி என்று நாளைக்கு வாங்க வேண்டியதை அதில் எழுதினேன்.